ஏழாம் நம்பர் மலையில் என் முகம்

உருகும் ஈயத்தின் புகை மூக்கில் ஏறினால் என் பிடரி சில்லிட்டுப் போகிறது. ஹட்டனில் போன் திருத்தும் என் கடையில் நாள் முழுக்க அந்தப் புகைதான். நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அக்கா கொழுந்தெடுக்கிறாள். அவள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையில் ஒரே வாரத்தில் இரண்டு நாய்களைக் காணவில்லை. ஏழாம் நம்பர் மலையில் சிறுத்தைப்புலி நடமாடுகிறது, விடியலில் அங்கே ஏறமாட்டோம் என்றார்கள் பெண்கள். வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு ஐயா சிரித்தாராம். "போட்டோ இருந்தா காட்டுங்க. இல்லாட்டி திங்கக்கெழம எல்லாரும் ஏழாம் நம்பர்தான்."

அதற்காகத்தான் ஈயம் உருக்கினேன். தீப்பெட்டி அளவுப் பலகையில் மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு, ஒரு கேமரா, குட்டி விளக்கு, மெமரி கார்ட். எதிரே ஏதாவது அசைந்தால் விழிக்கும். விளக்கைப் போட்டுப் படமெடுத்து, கார்டில் சேமித்துவிட்டுத் தூங்கிவிடும். சாப்பாட்டு டப்பாவில் அடைத்து, ஏழாம் நம்பர் பாதையோர மரத்தில் வெள்ளிக்கிழமை கட்டினேன்.

சனி விடியலில் பனிமூட்டத்துக்குள் ஏறினேன். டப்பாவை நெருங்கியதும் விளக்கு பளீரென்று அடித்ததில் ஒரு கணம் குருடானேன். கார்டில் இருந்ததைப் போனுக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரே படம். 'ஒன்று' என்று பெயர். நான்.

ஞாயிறும் ஒரே படம். அதே 'ஒன்று'. அதே நான்.

திங்கள் விடியலிலும் அதேதான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்பட, அக்கா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். "புலியப் புடிக்கச் சொன்னா, மூனு நாளா ஒன் மூஞ்சியப் புடிச்சிக்கிட்டு வந்து நிக்கிறியே!"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தூங்கி விழிக்கும்போதெல்லாம் கேமரா எண்ணியதை மறந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறது. புதுப் படம் பழையதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரவில் எது வந்திருந்தாலும், கடைசியாகப் போன நான் அதை என் முகத்தால் அழித்திருக்கிறேன்.

"எல்லாம் போச்சுக்கா."

அவள் போனை வாங்கினாள். இலைக்கூட்டத்தில் கொழுந்தை மட்டும் பார்த்துப் பழகிய கண். என் முகத்தில் அது நிற்கவேயில்லை.

"தம்பி, ஒன் தோளுக்குப் பின்னால என்னா அது?"

தேயிலைச் செடிகளுக்கிடையில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். பெரிதாக்கினோம். மேலே காதுகள். விரலால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினாள். அங்கேயும் இருந்தன, இன்னும் கொஞ்சம் மேலே. சனிக்கிழமை மலையுச்சி வரிசையில், ஊசிமுனை அளவில்.

ஒவ்வொரு நாளும் அது கீழே இறங்கி என்னை நெருங்கியிருந்தது. மூன்று நாளும் நான் என் முகத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.

பெரட்டுக்களத்தில் கண்டாக்கு ஐயா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டோர்ச் வெளிச்சமா இருக்கும்."

"டோர்ச்சுக்குக் காது இருக்குமாங்க ஐயா?" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பெண்களை மூன்றாம் நம்பர் மலைக்கு அனுப்பினார்.

ஹட்டன் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. டப்பாவைக் கழற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்றேன். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள்.

"அது அங்கயே கெடக்கட்டும் தம்பி. அந்தப் புலிக்கு இப்ப ஒன்ன நல்லாத் தெரியும்."