நாலும் நிரம்பிய அறை

அறைக்குள் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி ரமீஸா. மகள் ஹஸ்னா. ரமீஸாவின் தம்பி நிஸாம். நாலு பேர். ஐந்தாவதாக யாரும் இல்லை. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன், குளியலறையைத் திறந்து பார்த்தேன், அலுமாரியையும் திறந்தேன். பிறகு நீங்கள் எப்படியும் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நான் மருதமுனையில் கரைவலை இழுக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. கரையில் வலை வைக்கிற வாடியில் யாராவது பேய்க்கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். ஜின் உண்டு, அது குர்ஆனில் இருக்கிறது, மறுக்க நான் யார். ஆனால் வேலியோரம் கண்டேன், பாலத்தடியில் கண்டேன் என்கிற கதைகளை ஒருநாளும் நம்பியதில்லை. இருட்டில் கடலுக்குள் கழுத்தளவு நின்றவன் நான், ஒன்றையும் கண்டதில்லை. இதுவும் இருட்டில் நடக்கவில்லை. காலை நேரம், நல்ல வெயில், சன்னல் திறந்து கிடந்தது.

ஹஸ்னா எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவள். அவள் உம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, அடுப்படியில் உப்புப் போத்தலையே தடவித்தான் எடுக்கிறாள். அதனால் வெளியூர் வேலை எதுவும் வேண்டாம் என்று பிள்ளை தானாகவே சொல்லிவிட்டாள். அப்போதுதான் கொழும்புக் கொம்பனி ஒன்றில் கணக்கு வேலை வந்தது. வீட்டில் இருந்தே செய்யலாம். இன்டர்வியூவும் லெப்டொப்பில்தான். முதல்முறை எங்கள் வீட்டில் இருந்து கதைத்தாள். எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் போன் லைன் முருங்கை மரத்தடிக்கு மட்டும்தான் வரும். பாதியில் படம் நின்றுவிட்டது, பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றது நின்றபடியே இருந்தாளாம். அந்தக் கொம்பனிப் பெண் நல்லவள், இன்னொரு நாள் தந்தாள். மூன்றாவது தரம் இல்லை என்றும் சொல்லிவிட்டாள்.

"ரூம் ஒண்டு போடுவம் மச்சான்," என்றான் நிஸாம். "ஹோட்டல்ல வைஃபை தண்ணி மாதிரிப் பாயும்."

கல்முனைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம், நல்ல ஆட்கள். மனேஜர் சாவியும் ஒரு துண்டுக் கடதாசியும் தந்தார். கடதாசியில் வைஃபைக்கான சொல் இருந்தது.

"காக்கா, ஒரு ரூமுக்கு நாலு," என்றார். மூத்த ஆண்களைக் காக்கா என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "போனோ லெப்டொப்போ நாலு போடலாம். அதுக்கு மேல ஏறாது."

எங்கள் அறை மேல் தட்டில், புதிதாகக் கட்டிய மாடி. பெயின்ட் மணம் போகவில்லை. மெத்தையில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. நீங்கள்தான் முதல் ஆட்கள் என்று மனேஜர் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் உள்ளே போனோம். எப்படிப் போனோம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஹஸ்னா மேசையில் லெப்டொப்பை வைத்து அந்தச் சொல்லை அடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடியும் அடித்தாள்.

"நாலும் நிரம்பிட்டாம் வாப்பா."

"என்ன நாலு?"

"நாலு பேர் ஏற்கெனவே ஏறிட்டாங்களாம். இடமில்லையாம்."

நிஸாம் சிரித்தான். "பஸ்ஸா இது, இடமில்லாமப் போக? எல்லாரும் போன நிப்பாட்டுங்க. ஆர்ர போனாவது ஏறியிரிக்கும்."

அவன் போனை நிறுத்தினான், ஹஸ்னாவும் நிறுத்தினாள், ரமீஸா தன் போனை அவனிடம் நீட்டினாள். அவன் என்னைப் பார்த்தான்.

"உங்கடயும் மச்சான்."

"இது பட்டன் போன்டா. இதில டோர்ச் மட்டும்தான் எரியும்."

"எரியிறத நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். ஹஸ்னா திரும்பவும் அடித்தாள். நாலும் நிரம்பிவிட்டது என்றே வந்தது. நிஸாம் தன் போனைத் திரும்பப் போட்டு அதிலிருந்து லைன் கொடுத்துப் பார்த்தான். சுவர் மொத்தமோ என்னவோ, வீட்டில் நின்ற மாதிரியே படம் நின்றது. சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தான். சரிவரவில்லை, அதையும் நிறுத்தினான். கீழே ஓடிப்போய் மனேஜரைக் கூட்டி வந்தான்.

மனேஜர் தன் போனில் எல்லா அறையும் தெரிகிற பக்கத்தைத் திறந்தார். எங்கள் அறைக்கு நேரே நாலு என்று கிடந்தது.

"ஏறினா போன்ட பெயர் விழும்," என்றார். "இதில பெயர் ஒண்ணும் விழல்லியே."

அவர் நாலையும் அழித்தார். கண் மூடித் திறப்பதற்குள் நாலும் திரும்பி வந்தன. நடையில் கிடந்த ரவுட்டர் பெட்டியின் கரண்டைப் பிடுங்கி மறுபடி கொடுத்தார். பச்சை வெளிச்சம் வந்தது, ஹஸ்னா கையை விசையில் வைப்பதற்கு முன்பே நாலும் ஏறியிருந்தன. எங்கோ பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்ற மாதிரி.

"பக்கத்து ரூம் ஆக்கள் களவா ஏறியிருப்பாங்க," என்றான் நிஸாம்.

"இந்தத் தட்டில ஆக்களே இல்ல தம்பி. மத்த ரூமுகளுக்குக் கதவே போடல்ல."

"அப்ப கீழ ஒரு ரூம் தாங்க."

"கீழ முழுக்கக் கலியாண ஆக்கள்."

அந்த இரைச்சல் எங்களுக்கே கேட்டுக்கொண்டிருந்தது. கவுண்டரடியில் இருந்து கதைக்கவும் வழியில்லை, பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள், யாரோ கதிரைகளை இழுத்தார்கள். வேறு என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன் என்று மனேஜர் இறங்கிப் போனார். நேரம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். தலைச்சீலையைச் சரிசெய்துவிட்டு அதே விசையைத் திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் கட்டிலுக்குக் கீழே பார்த்தது, அலுமாரியைத் திறந்தது எல்லாம். எதைத் தேடினேன் என்று கேட்காதீர்கள்.

கட்டில் ஓரத்தில் இருந்த ரமீஸா தலையைத் திருப்பினாள். கண் மங்கினாலும் அவள் காது கூர்மை.

"இஞ்சப் பாருங்க, உள்ளுக்கு வரக்க ஸலாம் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. வெறும் வீட்டுக்குள் போனாலும் ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும், அது எங்கள் வழக்கம். என் வீட்டில் ஒருநாளும் தவறியதில்லை. இது ஹோட்டல் அறை, யாருடைய வீடும் இல்லை என்ற நினைப்பில் பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே வந்துவிட்டேன். மற்ற மூன்று பேரும் என் பின்னால் வந்தவர்கள்தான்.

"வாடகை ரூமுக்கும் ஸலாமா?" என்றேன்.

"ரூமுக்கில்ல ராத்தா, ரவுட்டருக்குச் சொல்லச் சொல்லு," என்றான் நிஸாம். "பதில் ஸலாம் சொல்லிட்டு ஏத்திக்கொள்ளும்."

"வாய மூடுடா. நீங்க வெளிய போய் ஸலாம் சொல்லிட்டு வாங்க."

பெண்சாதி சொல்கிறாளே என்றுதான் போனேன். நடையில் நின்றேன், வலது காலை எடுத்து வைத்தேன், வாயைத் திறந்தேன். மனம் முழுக்கப் பிள்ளைமேல் இருந்தது, வாயில் வந்தது வேறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, இறந்தவர்களை அடக்கியிருக்கிற மையவாடிக்குள் நுழையும்போது சொல்கிற ஸலாம் வந்துவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்."

கபுறுகளில் அடங்கியிருப்பவர்களே, உங்கள் மீது ஸலாம். அதுதான் அதன் அர்த்தம். வாரா வாரம் சொல்லிப் பழகிய வாய், வேறொன்றுமில்லை.

ரமீஸா விறைத்துப் போனாள். "என்ன சொன்னீங்க?" என்றாள். நிஸாமும் பகிடி விடவில்லை. நான் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே கலியாண வீட்டு இரைச்சல் இருந்தது, கடல் இரைந்தது, அறைக்குள் ஒன்றும் அசையவில்லை. குளிராகவில்லை, மணம் வரவில்லை, கதவு ஆடவில்லை. அப்படியெல்லாம் நடந்தது என்று சொன்னால் பொய்.

"வாப்பா," என்றாள் ஹஸ்னா. "லைன் வந்திட்டு."

மூன்று பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். நடையில் நின்றோம். அவள் ஆங்கிலத்தில் கதைப்பது கேட்டது. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, குரல் நடுங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். முதலில் நடுங்கியது, பிறகு இல்லை. கடைசியில் சிரித்தாள். அந்தப் பக்கத்திலும் யாரோ சிரித்தார்கள். ரமீஸா என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். லைன் ஒரு தரம்கூட அறுந்து போகவில்லை.

முடிந்ததும் லெப்டொப்பை நிறுத்திப் பைக்குள் போட்டோம். போன்களும் நிறுத்தினபடியே இருந்தன. நான்தான் கடைசியாக வந்தேன். கதவைப் பூட்ட முன்னர் ஒரு தரம் உள்ளே பார்த்தேன். மெத்தையில் பிளாஸ்டிக் உறை, மேசை, சன்னலில் கடல்.

கவுண்டரில் சாவியைக் கொடுத்தபோது மனேஜர் கேட்டார், "சரி வந்திச்சா காக்கா? நான் ஒண்ணும் செய்யல்லியே."

"வந்திச்சு."

"ஓம், கண்டன். மகள்ட லெப்டொப் பெயர் விழுந்திச்சு. அதோட பெயரில்லாதது மூணு."

நிஸாம் எட்டிப் பார்த்தான். "அப்ப ஒண்ணு எறங்கி இடம் குடுத்திரிக்கி," என்றான். பகிடியாகத்தான் சொன்னான். அவனே சிரிக்கவில்லை.

"இப்ப எத்தனை?" என்று கேட்டேன். லெப்டொப் என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது. மனேஜர் திரையை என் பக்கம் திருப்பினார். இலக்கம் வாசிக்க எனக்குத் தெரியும். மூன்று.

அந்த ஹோட்டல் நிற்கிற இடம் எனக்குத் தெரிந்த இடம்தான். முன்னர் அங்கே வரிசையாக வீடுகள் இருந்தன. கடல் ஊருக்குள் ஏறி வந்த அன்று அந்த வரிசையில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. கிடைத்தவர்களை அடக்கினோம், என் கையாலும் அடக்கினேன். கிடைக்காதவர்கள் கிடைக்கவே இல்லை. அவர்களுக்கு மையவாடியில் இடமில்லை, அடையாளத்துக்கு ஒரு மீசான் கட்டை நடவில்லை, வெள்ளிக்கிழமை யாரும் அவர்கள் தலைமாட்டில் போய் நின்று ஸலாம் சொல்லவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட நான் ஆளில்லை. மௌலவியிடம் கேட்டேன், மிசினில் பிழை இருந்திருக்கும் என்றார். இருக்கலாம். நீங்களும் அப்படியே நினைத்தால் எனக்குக் கோபமில்லை.

ஹஸ்னாவுக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்குத் தனி லைன் எடுத்தோம். பிள்ளை உள்ளே இருந்து கதைத்துக்கொண்டு வேலை செய்கிறாள், ரமீஸா வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். எல்லாம் நல்லபடிதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எனக்கு அந்த மூன்று என்கிற இலக்கம் தொண்டையில் முள் மாதிரி நின்றது. வலை இழுக்கும்போதும் நினைவு வரும். என் பிள்ளைக்காக ஒன்று இறங்கியது. இறங்கியது எங்கே போனது? திரும்பி ஏற வழி தெரிந்ததா? கூட இருந்தவை மூன்றும் அதைத் தேடுமா? மையவாடியில் நிற்கும்போது வாயில் ஸலாம் வரும், மனம் அந்த ஹோட்டல் நடையில் நிற்கும். இதை ரமீஸாவிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் வலையில் நல்ல பாரை பட்டது. ஒன்றை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். மனேஜருக்கு என்னை ஞாபகம் இருந்தது. அந்த அறையை யாருக்கும் கொடுப்பதில்லை, பூட்டி வைத்திருக்கிறோம், மேல் தட்டு வேலையும் நின்றுவிட்டது என்றார். மீனை நீட்டினேன்.

"என்ன காக்கா இது?"

"மகளுக்கு வேலை சரி வந்திட்டு."

"மாஷா அல்லாஹ்."

"ஒண்ணு பாத்துச் சொல்லுவீங்களா?"

அவருக்கு விளங்கிவிட்டது. மீன் பட்ட கையைத் துணியில் துடைத்தார், கொம்பியூட்டர் முன்னால் இருந்தார், அந்தப் பக்கத்தைத் திறந்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

நாலு.