கால் வைக்கும்போது கேட்காதே

தையல்காரம்மா படியில் விழுந்ததற்கு வயசுதான் காரணம் என்று வீட்டில் இருந்த மூன்று பேரும் அன்று மத்தியானமே முடிவு கட்டிவிட்டார்கள். எப்படி விழுந்தாய் என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் மட்டும் அவளைத்தான் கேட்பார்கள்.

மாடியில் வீடு, கீழே தையல் கடை. பள்ளிச் சீருடையும் ஆஸ்பத்திரி கோட்டும் தைத்தே மகனை ஆளாக்கியவள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் படியில் ஏறி இறங்குகிறாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள், கரண்ட் போன இருட்டில் துணி மூட்டையோடு இறங்கியிருக்கிறாள். ஒருநாளும் கால் பிசகியதில்லை.

அன்று காலை வெட்டிய துணிகளை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு கோட்டின் கைக்குத் துணி போதவில்லை, எங்கே ஒட்டுப்போட்டால் வெளியே தெரியாது என்று மனசு துழாவிக்கொண்டிருந்தது. பாதிப் படியில் புருஷன் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, என் மூக்குக்கண்ணாடி எங்கே?"

"அலமாரி மேல பாருங்க."

"அத்தை, பாப்பாவுக்குத் தடுப்பூசி நாளைக்கா, நாளன்னைக்கா?" என்றாள் மருமகள்.

"நாளன்னைக்கு."

"அம்மா, வண்டிச் சாவி?" மகன்.

"உன் பாக்கெட்டுலயே தடவிப் பாருடா."

கீழே கடை வாசலில் நின்ற நர்ஸ், "அக்கா, என் கோட் ரெடியா?" என்றாள்.

"சாயங்காலம் வாங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் தையல்காரம்மா தரையில் கிடந்தாள். நாலு பேருக்கும் சொன்ன பதில் சரிதான். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது என்பதுதான் காலுக்குத் தெரியாமல் போயிற்று.

எலும்பு முறியவில்லை. கணுக்கால் வீங்கி, பத்து நாள் கட்டிலோடு கிடந்தாள். அதற்குள் வீட்டில் ஏற்பாடுகள் மும்முரமாக நடந்தன. மகன் நாலு கால் வைத்த ஊன்றுகோல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கடையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார் புருஷன்.

"போதும்மா, உழைச்சது. உனக்கு முன்ன மாதிரி நிதானம் இல்ல."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "கடை என்னோடது. அதை மூடறதுக்கு நீங்க யாரு?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்."

"என் கண்ணாடி எங்கே, சாவி எங்கேன்னு உசிரை எடுக்கறதும் என் நல்லதுக்குத்தானா?"

கோபம் வருவதும் வயசின் கோளாறுதான் என்பதுபோல மருமகள் இரக்கத்தோடு பார்த்தாள். அந்தப் பார்வையைத் தையல்காரம்மாவால் தாங்கவே முடியவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்குப் போனாள். புருஷனும் கூடவே வந்தார். அங்கிருந்த பெண் தரையில் ஒட்டியிருந்த நீளமான நாடாவைக் காட்டி, "இதை ஒட்டியே நடங்கம்மா" என்றாள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்த மாதிரி நேராக நடந்தாள்.

"இப்ப நூறுல இருந்து மூணு மூணாக் கழிச்சுச் சொல்லிட்டே வாங்க."

"நூறு... தொண்ணூத்தேழு... தொண்ணூத்து நாலு..."

கால் தயங்கியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய, அந்தப் பெண் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லல?" என்றார் புருஷன், ஜெயித்துவிட்டவர் மாதிரி.

"நீங்களும் நடங்க சார்."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று கிளம்பினார். தொண்ணூற்று ஒன்றில் அப்படியே நின்றுவிட்டார். கால் நாடாவை விட்டு எங்கேயோ இருந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாள் அந்தப் பெண். "நடக்கறதைக் கால் தானா பார்த்துக்கும்னு நினைக்கறோம். அதுக்கும் மூளையோட கவனம் வேணும். அதே நேரத்துல வேற யோசனையும் பண்ணா, ரெண்டுக்கும் பங்கு போடணும். வயசு ஏற ஏற இது கொஞ்சம் கூடும், இல்லேன்னு சொல்லல. அம்மாவுக்குக் கால்ல பலம் இருக்கு, தையலை நிறுத்த வேண்டியதில்ல. விழுந்தப்போ என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

முதல்முறையாக ஒருத்தி கேட்டாள். தையல்காரம்மா ஒன்று விடாமல் சொன்னாள். புருஷன் சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் அவள் பேச்சை எடுத்தாள். "இத்தனை வருஷமா இந்த வீட்டுல உங்க எல்லாரோட தலையும் லேசா இருக்குன்னா, எல்லாத்தையும் என் தலையில ஏத்தி வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அதைச் சுமந்துக்கிட்டு நான் படி இறங்கணும். விழுந்தா என் வயசு. இனிமே நான் நடக்கும்போது யாராவது ஏதாவது கேட்டா, அங்கேயே நின்னுடுவேன்."

வெறும் மிரட்டல் என்று நினைத்தார்கள். மறுநாள் காலை மகன் சாவி கேட்டான். அவள் நடுப்படியில் நின்றாள். அவனுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, வழியோ இல்லை. நிதானமாக யோசித்து, பதில் சொல்லி, அதன் பிறகே அடுத்த படியில் கால் வைத்தாள். இப்படி ஒரு வாரம் வீடே முட்டி முட்டி நின்றது. அதற்குப் பிறகு மகன் சுவரில் ஆணி அடித்துச் சாவியை மாட்டினான். மருமகள், "இறங்குங்க அத்தை, அப்புறம் கேக்கறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். வாடகைப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

புருஷன்தான் திருந்த நாளாயிற்று. ஒருநாள் அவரே துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். கீழே மெஷினில் இருந்த அவளுக்குக் கேட்க வேண்டியது வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் தரையில் கால் வைக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"பாப்பா சாப்பிட்டாளா? கேஸ் வந்துச்சா? மருமக எப்ப வரேன்னா?"

அவர் கூடையை இறக்கி வைத்தார். "அதெல்லாம் எனக்கெப்படிம்மா தெரியும்?"

தையல்காரம்மா மெஷினை மிதித்த மிதியில் ஊசி ஒடிந்தது.