கருவேப்பிலைக்கு ஒரு ரஜாய்

தில்லியில் குளிர்காலத்தை மே மாதத்திலேயே தைத்துவிட வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸின் எழுதப்படாத சட்டம் இது. கூலர் முன்னால் இடம் பிடிக்க வீட்டுக்கு வீடு அடிதடி நடக்கிற நேரத்தில், ரஜாய்களின் உறையைப் பிரித்து, உள்ளே கட்டிதட்டிப்போன பஞ்சை அடித்து வாங்கி, மொட்டைமாடியில் காயவைத்து, மறுபடி அடைத்துத் தைப்பார்கள். அந்தக் கனத்த பஞ்சுப் போர்வை இல்லாமல் ஜனவரியைத் தாண்ட முடியாது. வெயிலைத்தான் பிடித்து உள்ளே வைத்துத் தைக்கிறார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது முழுப்பொய் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

நான் சொல்ல வந்தது அப்படி ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. எனக்கு ஏழு வயது. ஆர்.கே.புரத்தில் கடைசி மாடி வீடு. அப்பாவுக்கு மத்திய அரசில் எழுத்தர் உத்தியோகம். அம்மாவுக்கு மொட்டைமாடியில், காலி பெயின்ட் டப்பாக்களில் விவசாயம். மிளகாய், தக்காளி, ஒரு பாகற்கொடி. ஆனால் ராஜா கருவேப்பிலைதான். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு இரவு ரயிலில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து வந்த செடி. டிக்கெட் வாங்காதது ஒன்றுதான் குறை. அதற்கு முன்னால் வந்த இரண்டும் தில்லிக் குளிரில் கருகிப்போயிருந்தன. அதனால் டிசம்பர் பிறந்தால் தினமும் சாயங்காலம் அதற்கு அம்மாவின் பழைய நூல்சேலையைச் சுற்றிப் போர்த்திவிட வேண்டும். ஒரு நாள் அப்பா பாரி, ஒரு நாள் என் பாரி. முறை என்ற சொல்லை நான் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு எல்லாமே பாரிதான்.

அந்த ஜனவரியில் ஒரு நாள், என் பாரியன்று, டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே மறந்துபோனேன். காலையில் பார்த்தால் இலையெல்லாம் கறுத்துச் சுருண்டிருந்தது.

“நேத்து யார் பாரி?” என்றாள் அம்மா.

“அப்பா,” என்றேன்.

அப்பாவுக்குத் தன் ஞாபகசக்தி மேல் பெரிய மதிப்பு எதுவும் கிடையாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருக்கும்,” என்று ஒப்புக்கொண்டார். அதன்பிறகு கருவேப்பிலை இல்லாமல் தாளித்த ஒவ்வொரு ரசத்துக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுவேன். மார்ச் கடைசியில் அடித்தண்டிலிருந்து ஊசி போல ஒரு துளிர் வந்தபோது வீட்டில் எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தது நான்தான். காரணம் யாருக்கும் தெரியாது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வெயில் ஏறுவதற்குள் நானும் அப்பாவும் மாடிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினோம். முன்பெல்லாம் அது அம்மாவின் வேலை. சில வாரங்களாக அவள் படியேறுவதில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை; மக் என் கையில் கிடைத்ததே போதும் என்றிருந்தது. மிளகாய்க்கு இரண்டு மக், தக்காளிக்கு இரண்டு, கருவேப்பிலைக்கு அப்பா பார்க்காதபோது மூன்று. செடி ஒரு ஜாண் உயரம் வந்திருந்தது. பக்கத்தில் பழைய போர்வை விரித்து ரஜாய்ப் பஞ்சைப் பரப்பினோம். காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கொசுவலை, நான்கு மூலைக்கு நான்கு செங்கல்.

மத்தியானம் கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஊசியோடு வந்துவிட்டாள். ரஜாய் தைப்பதில் அம்மாவுக்கு அவள்தான் கூட்டாளி. கூலர் ஈரப்புல் வாசனையோடு இரைந்துகொண்டிருக்க, இரண்டு பேரும் தரையில் ரஜாயை விரித்து, ஆளுக்கொரு பக்கமிருந்து நீள நீளமாக இழை ஓட்டினார்கள். அப்பா கட்டிலில் பேப்பருக்குப் பின்னால் அரைத்தூக்கம். நான் ரஜாய்மேல் உருண்டேன், திட்டு வாங்கினேன், மறுபடி உருண்டேன்.

பெரிய ரஜாய்கள் முடிந்ததும் அம்மா பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தாள். உள்ளே பாதி தைத்த குட்டி ரஜாய் ஒன்று. தலையணை உறையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மெத்தென்ற பழைய நூல்சேலைத் துண்டுகள், நடுவில் மெல்லிசாகப் பஞ்சு.

பேப்பர் கீழே இறங்கியது. “இப்பவே எதுக்குத் தெக்கறே? இன்னும் எத்தனை மாசம் கெடக்குது. முன்னாடியே செஞ்சு வெக்கக் கூடாதும்பாங்க.”

“பழந்துணிதானுங்க. கைக்கு ஒரு வேலை வேண்டாமா?” என்றாள் அம்மா.

இன்னும் எத்தனை மாசம்? நான் விரல்விட்டு எண்ணினேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்... டிசம்பருக்கு ஏழு. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

“அம்மா! இது கருவேப்பிலைக்கு ரஜாய்தானே? சச்சி? நெஜமா?”

அம்மா ஊசியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பருக்குள் போய்விட்டார். “ஆமா அம்மிணி,” என்றாள் அம்மா. “கருவேப்பிலைக்குத்தான்.”

விஷயம் இன்னதென்று தெரிந்ததும் ஆன்ட்டி, “ஹாய் ரப்பா!” என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். ஆமாம் ஆமாம், செடிக்குத்தான், சின்னஞ்சிறு செடிக்கு என்று ஹிந்தியில் சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினாள். ஒரு செடி ரஜாயில் இத்தனை சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம். என்னால் செத்துப்பிழைத்த செடிக்கு அம்மா உட்கார்ந்து தைக்கிறாள், நான் உருண்டுகொண்டிருக்கிறேன். ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும்.

பக்கத்து அறைக்குப் போனேன். சித்தப்பா கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ நிறப் பட்டுப்பாவாடை பெட்டியில் மேலாக இருந்தது. பட்டு கதகதப்பானது என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். கல்யாணத்தில் வியர்த்து ஊற்றியிருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து, முன்பக்கம், அரக்கு பார்டரோடு சேர்த்துச் சதுரமாக ஒரு துண்டு வெட்டி எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்தேன்.

அம்மா துண்டை விரித்து, அரக்கு பார்டரைத் தடவிப் பார்த்தாள்.

“அடி என்ற சாமி,” என்று அம்மா எழப்போனாள். “என்ன காரியம் பண்ணியிருக்கறே! பட்டுப்பாவாடையப் போயி...” ஓங்கிய கை என் முதுகுக்கு வருவதற்குள் நான் கத்திவிட்டேன்:

“நான்தாம்மா போர்த்தலை! அன்னிக்கு என் பாரி. அப்பா பாரி இல்லை!”

பேப்பர் முழுசாக மடிந்தது. “நாலு மாசம்!” என்றார் அப்பா. “நாலு மாசமா ரசத்துக்கு ரசம் வாங்கிக் கட்டிட்டிருக்கேன் அம்மிணி! நான்தான் மறந்துபோட்டேன்னு நானே நம்பிட்டேனே!”

“உங்க பாரி எதுன்னே உங்களுக்குத் தெரியாதே, அப்புறம் யாரைச் சொல்றது?” என்றாள் அம்மா. அந்த வரியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஓங்கிய கையால் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நான் அதற்குள் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன்.

“செடி செத்துப்போச்சா? இல்லீல்ல? துளுத்துருச்சுல்ல? அப்புறம் எதுக்கு அழுவறே?”

பட்டுச் சதுரத்தை அம்மா குட்டி ரஜாயின் நட்டநடுவில் வைத்துத் தைத்தாள். கடைசி முடிச்சை நான் போட்டேன். அது மூன்று தடவை அவிழ்ந்தது. சாயங்காலம் ஆன்ட்டி வீட்டிலிருந்து ரூஹப்ஸா சர்பத் வந்தது. நிம்மதியாக இரண்டு டம்ளர் குடித்தேன். அன்றைக்கு என்னைப்போல நல்ல தூக்கம் தூங்கியவர் தில்லியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து, மழை தொடங்கிய ஒரு வாரத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். நான் இரண்டு நாள் ஆன்ட்டி வீட்டில் ராஜ்மா சாதம் சாப்பிட்டேன். அம்மா திரும்பிவந்து கொஞ்ச நாள் படுத்தே இருந்தாள். வயிற்றுவலி என்றார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், செடியின் உயரத்தைச் சொன்னேன், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தம்பியோ தங்கையோ வர இருந்து, வராமல் போனதை அவள் போன வருஷம்தான் சொன்னாள்: முனிர்காவில் என் வாடகை அறை ஜன்னலுக்காக, அதே கருவேப்பிலையின் வேரில் முளைத்த கன்றைப் பிரித்தெடுத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக.

அந்த டிசம்பரில் முதல் பனிமூட்டம் இறங்கிய சாயங்காலம், யாரும் கேட்காமலே அம்மா பெட்டியிலிருந்து குட்டி ரஜாயை எடுத்தாள். மூன்று பேருமாக மாடிக்குப் போனோம். செடி என் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அம்மா ரஜாயை அதைச் சுற்றிப் போர்த்தி, ஒரு பக்கம் இழுத்துவிட்டு, மறுபக்கம் சரிசெய்து, நாடாவால் கட்டினாள். கட்டியபிறகும் கையை எடுக்கவில்லை. என் பட்டு முன்பக்கமாகத் தெரிந்தது. அளவு கச்சிதம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “நான் அப்பவே சொன்னேன்ல, இது கருவேப்பிலைக்குத்தான்னு!”

“ஆமா கண்ணு,” என்றாள் அம்மா. “நீதான் சரியாச் சொன்னே.”

அப்பா அந்தப் பக்கம் திரும்பித் தண்ணீர்த் தொட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், நான்கு மாத ரசத்தை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்து, “இந்தத் தடவை எல்லா நாளும் என் பாரி அப்பா,” என்றேன்.