அண்ணை செய்த திருப்புளிகளும் நான் வைத்த சந்தனமும்

இதை எழுதப் பல வருடங்களாக எனக்குத் துணிவு வரவில்லை. அண்ணை இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் பேனையை மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவேன். இப்போது அண்ணை காலமாகி ஒரு வருடமாகி, ஆட்டத்திவசமே வந்துவிட்டது. இந்த நினைவு மலரை வாங்கிப் போகும் நீங்கள் அண்ணையைப் பற்றிய ஒரு பிழையான கதையோடு வீடு திரும்பக்கூடாது என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு மட்டும் படித்தவள். குறைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை புத்தூரில் பிறந்தவர். பிள்ளைகள் என்று அண்ணையும் நானும் மட்டும்தான். எங்களைப் பெற்ற ஐயா குத்தகைக் காணியில் வெங்காயம் செய்தவர். அண்ணைக்குப் பதினாறு வயதில் ஐயா பாம்பு கடித்துக் காலமானார். அண்ணை படிப்பை விட்டு வவுனியாவுக்குப் போய், வயல் செய்யும் கமக்காரரின் வேட்டைத் துவக்குகளைத் திருத்தும் அனுமதி பெற்ற ஒரு பட்டறையில் சேர்ந்தார். அந்த உழைப்பில்தான் அம்மாவைப் பார்த்தார். தன் பங்கு வளவையும் எனக்குச் சீதனமாக எழுதித் தந்தார். தான் கலியாணம் செய்யவில்லை. கேட்டால், "கையெல்லாம் எண்ணெய் மணக்கிறவனுக்கு ஆர் பெண் தருவினம்?" என்று சிரிப்பார்.

சண்டைக் காலத்தில் பட்டறை மூடப்பட்டது. அண்ணை ஊருக்கு வந்து தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்தினார். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு துவக்குத் திருத்த முறைப்படி அனுமதி எடுத்து, எங்கள் வளவின் மூலையில் தகரக் கொட்டில் ஒன்று போட்டார். பயிரை அழிக்கும் குரங்குக்கும் பன்றிக்கும் என்று அனுமதிப்பத்திரத்தோடு பழைய துவக்கு வைத்திருந்த சிலர் தேடி வந்தார்கள். பத்திரத்தில் உள்ள இலக்கமும் துவக்கில் வெட்டிய இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் தொடுவார். சொந்தக்காரர் என்றாலும் அதே சட்டம்தான்.

அந்தத் துவக்குகள் வெள்ளைக்காரன் காலத்தவை. அவற்றின் திருகாணித் தலையில் உள்ள கீறல் மயிர் போல ஒடுக்கமாக இருக்கும். ஆணியைத் திருகக் கடையில் வாங்கும் திருப்புளி அதற்குள் போகாது. போனாலும் கீறலைத் தின்றுவிடும். அதனால் அண்ணை தேய்ந்த அரங்களை நெருப்பில் காய்ச்சி, சாணைக்கல்லில் தீட்டி, ஒவ்வொரு துவக்கின் ஆணிக்கும் அளவாகத் தானே திருப்புளி செய்வார். குடைக்கம்பியில் ஊசி செய்தார். சைக்கிள் பிறேக்கின் இரும்பை வளைத்து, உள்ளே இருக்கும் வில்லை அமுக்கிப் பிடிக்க ஒரு பிடி செய்தார். எங்கள் வீட்டு உடைந்த குத்துவிளக்கின் தண்டை அறுத்துப் பித்தளைச் சுத்தியல் செய்தபோது நான் சண்டை பிடித்தேன்.

"அண்ணை, சாமி விளக்கல்லோ அது!"

"சாமிக்கு உது முப்பது வருசம் வேலை செய்திட்டுது பிள்ளை. இனி எனக்குக் கொஞ்சம் செய்யட்டும்."

துவக்குக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று ஊர் அவரைத் துவக்குப் பரியாரியார் என்று கூப்பிட்டது. அவருக்கும் அது பிடிக்கும்.

இனித்தான் நான் எழுதப் பயந்த விசயம்.

மட்டுவிலில் தென்னங்காணி வைத்திருக்கும் எங்கள் செல்லத்துரை மச்சான் ஒரு துவக்கைத் திருத்தத் தந்திருந்தார். வெடியை அடிக்கும் குதிரையைத் தூக்கி நிறுத்தினால் நிற்காமல் விழுகிறது என்பதுதான் அதன் வருத்தம். குதிரை போய்க் கொளுவி நிற்கும் சின்ன வெட்டு தேய்ந்திருந்தது. அண்ணை பத்து நாள் மினக்கெட்டு அதைச் சரிசெய்தார். அதற்கிடையில் ஆயுத பூசை வந்தது. குதிரையும் வில்லும் அந்த வெட்டும் சேர்ந்த பூட்டைத் துவக்கிலிருந்து கழற்றியபடியே, துணியில், தன் வேலை ஆயுதங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குத் தோயப் போனார்.

பூசைக்கு அடுக்கினது நான். திருப்புளி, அரம், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். அந்தப் பூட்டை மட்டும் விட மனம் வரவில்லை. அதற்கும் வைத்தேன். நடுவில், நல்லாய்க் குழைத்த சந்தனம். அண்ணை தோய்ந்துவிட்டு வரும் சத்தம் கேட்டதும்தான், துவக்குச் சாமானில் ஒன்றும் பூசக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. சேலைத் தலைப்பால் அவசரமாகத் துடைத்தேன்.

"பிள்ளை, உந்தப் பூட்டிலை ஒண்டும் வைக்கேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பூசையில் வைத்ததை விசயதசமி வரைக்கும் எடுக்கக்கூடாது. உண்மையைச் சொன்னால் அண்ணை உடனே எடுத்துக் கழுவுவார், பூசை குழம்பும் என்று நினைத்தேன். விடியச் சொல்லலாம் என்று இருந்தேன். விடிய, நல்ல நேரத்துக்குள் துவக்கை எடுக்க வேண்டும் என்று மச்சான் வந்து நின்றார். அண்ணை பூட்டைப் பொருத்திப் பலமுறை குதிரையை இழுத்துப் பார்த்தார். நின்றது. நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள், மச்சான் காணி வேலியில் உள்ள கடப்பைத் தாண்டும்போது துவக்கு தானாக வெடித்தது. இடது காலில் இரண்டு விரல்கள் போயின.

பொலிசார் அண்ணையைக் கூப்பிட்டு, தங்கள் முன்னால் பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். தான் செய்த திருப்புளியாலேயே திறந்தார். அந்தச் சின்ன வெட்டுக்குள் ஏதோ காய்ந்து இறுகி இருந்தது. குதிரை அரைவாசிதான் கொளுவி நின்றிருக்கிறது. அண்ணை, "துப்புரவாய்ப் பாக்காமல் பூட்டிப்போட்டன். என்ரை பிழை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அனுமதி போனது.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சந்தனம் காய்ஞ்சு கிடந்தது பிள்ளை."

நான் அழத் தொடங்கினேன்.

"அழாதை. உதை ஒருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதை. பூட்டினது நான். பாக்காமல் குடுத்ததும் நான்."

நான் "இல்லை" என்று சொன்னதைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. "வீட்டிலை செய்த ஆயுதத்தாலை துவக்குத் திருத்தினால் உப்பிடித்தான்" என்றார்கள். தேத்தண்ணீர்க் கடையில் ஒருவர் அண்ணையின் முகத்துக்கு நேரே, "பரியாரியார் துவக்குக்கு மருந்து குடுத்தால் வருத்தம் காலுக்கெல்லோ வருது!" என்றாராம். அண்ணை பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. திரும்பவும் தண்ணீர் மெசின் திருத்தினார். காலமாகும் வரைக்கும் அந்தக் கெட்ட பெயர் அவருடன் இருந்தது. நான் பக்கத்திலேயே இருந்து சோறு போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

இதை அச்சுக்குக் கொடுக்க முன்னர் மட்டுவிலுக்குப் போய்ச் செல்லத்துரை மச்சானிடம் எல்லாம் சொன்னேன்.

"வெடியை உள்ளுக்குப் போட்ட துவக்கோடை கடப்புத் தாண்டினது நான். அதை ஒருத்தரும் கதைக்கேல்லை" என்றார். பிறகு, "விரல் ரெண்டு குறைஞ்சதுக்கு எண்டு செருப்புக் கடைக்காரன் ஒரு சதமும் குறைக்கிறான் இல்லை மச்சாள்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார். படலை வரைக்கும் வந்து, "எழுதுங்கோ. அவர் பாவம்" என்றார்.

அண்ணை நெஞ்சு வருத்தத்தால் பத்து நாள் ஆசுபத்திரியில் இருந்தபோது மாறி மாறி வந்து நின்ற அயலவருக்கும், பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், கடைசி மட்டும் தேவாரம் பாடிய கோயில் அடியார்களுக்கும், கிரியைகளுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. தேத்தண்ணீர்க் கடையில் அப்படிச் சொன்னவரும் பாடைக்குத் தோள் கொடுத்தார். அவருக்கும் நன்றி. அவர் என்மேல் சொல்ல வேண்டியதைத்தான் தெரியாமல் அண்ணைமேல் சொன்னார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இதை வாசித்துவிட்டு மற்றவருக்குச் சொல்லும்போது, "பாவம், பக்தியிலை செய்துபோட்டா" என்று எனக்காக ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். சந்தனம் வைத்ததைச் சாமி மன்னிக்கும். அண்ணை கேட்டபோது சாமிக்கு முன்னால் நின்று "இல்லை" என்றேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பழி திரும்பவும் அண்ணையிடம்தான் போகும். ஆகவே ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.