வேன் வராத சனிக்கிழமைகள்

திருமயம் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தது மகளிர் குழுதான். ஆட்களைக் கூட்டி வருவது மட்டும் டவுனில் டூரிஸ்ட் வேன் வைத்திருந்த ஒருவர். சனிக்கிழமைதோறும் வருவார். என்ன குழம்பு வைக்க வேண்டும் என்பதிலிருந்து நாங்கள் என்ன சேலை கட்ட வேண்டும் என்பதுவரை அவர்தான் சொல்வார். கண்டாங்கி கட்டினால் போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்றார். ஆளுக்கொன்று வாங்கிக் கட்டினோம்.

ஒரு சனிக்கிழமை, சமுதாயக் கூடத்தில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது ஊருணிப் பக்கம் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வேனில் வந்த சிலர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். ஒருவர் தலை நிறைய ஷாம்பு நுரை. கிராமத்துக் குளியல் என்று சொல்லி வேன்காரர்தான் இறக்கிவிட்டிருந்தார். எங்கள் ஊருணிக் கரையில் யாரும் செருப்புப் போட்டு ஏற மாட்டோம். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும் குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் அந்தத் தண்ணீர்தான். குடத்தோடு வந்த பெண்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார் முன்னே போனார். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, இது நாங்க குடிக்கிற தண்ணிங்க. மேல வந்துருங்க."

நுரையோடு நின்றவரின் முகம் சுருங்கிப்போயிற்று. "மன்னிச்சிடுங்கம்மா, யாரும் சொல்லலை" என்று கைகூப்பியபடி ஏறி வந்தார். கோபம் வந்தது வேன்காரருக்குத்தான்.

"வந்தவங்கள இப்படியா பேசுறது? இனிமே எவன் வருவான் ஒங்க ஊருக்கு?"

"வாரவங்க எங்கிட்டுப் போகலாம், எங்கிட்டுப் போகக் கூடாதுன்னு இனிமே நாங்க சொல்றோம்ணே" என்றேன். அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

"அப்ப ஆளையும் நீங்களே பிடிச்சுக்கங்க" என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சமைத்ததைத் தெருவெல்லாம் கொடுத்தோம்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது. வேன்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றார்கள் ஆண்கள். என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். நாத்தனார் எழுந்து, "தண்ணிய கெடுத்தவுக கேக்கட்டும். நாங்க எதுக்குக் கேக்கணும்?" என்றார். கூட்டம் அதோடு கலைந்தது; மன்னிப்புக் கேட்க யாரும் போகவில்லை. அடுத்த மழைவரை ஊரே குழாய்த் தண்ணீர்தான் குடித்தது.

வேன் வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை ஆனால் கால் கூடத்துக்கே போனது. சும்மா உட்கார்ந்திருந்தால் அழுகை வரும் போலிருந்தது. வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்று நாமே நடந்து பார்ப்போம் என்றாள் ஒருத்தி. கிளம்பினோம். அய்யனார் கோயில் மண் குதிரைகள், முந்திரித் தோப்பு, கண்மாய் மடை. பிறகு ஊருக்குப் பின்னால் இருக்கும் பாறை. மாடு மேய்க்கிற ஆம்பிளைகள் போகிற இடம் என்று நாங்கள் யாரும் அதில் ஏறியதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுடுகிற பாறையில் வெறுங்காலோடு ஏறினோம். உச்சியில் கோட்டை தெரிந்தது. எங்கள் வீட்டு ஓடுகளும் தெரிந்தன. நாத்தனார் மூச்சு வாங்க உட்கார்ந்து, "இம்புட்டு வருசம் இங்கேயே கெடந்துருக்கேன், எங்கூரு இவ்வளவு அழகுன்னு தெரியாமப் போச்சே" என்றார். பொழுது இறங்கும்வரை அங்கேயே பேசிக்கொண்டிருந்தோம். கண்மாயில் குளிக்கிற பெண்களைப் படம் எடுக்கக் கூடாது, கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிவானவைதான்.

சில வாரம் கழித்து ஒரு போன். அன்று ஷாம்பு நுரையோடு நின்றவர். ஆபீஸ் நண்பர்களோடு வரலாமா என்று கேட்டார். அவர்கள் சொல்லி இன்னும் பலர் வந்தார்கள். கடைசியில் வேன்காரரும் வந்தார். "எத்தனை மணிக்குக் கூட்டியாரட்டும்?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார் முதலில் அவருக்கு இலை போட்டார்.

பிள்ளைகள் படிப்புக்காக நான் திருக்கோகர்ணத்துக்குக் குடிவந்துவிட்டேன். இப்போது ஊரில் இளைய மருமகள்கள் நடத்துகிறார்கள். எங்களைவிட நன்றாகவே நடத்துகிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் இந்த வீட்டில் தனியாக இருக்கும்போது, அந்தப் பாறையின் சூடு இன்னும் உள்ளங்காலில் இருப்பது போலத் தோன்றும்.