சுண்டுவிரலில் ஊசி

என் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டுகிறவர், என் அண்ணனுடைய கடையில். கையுறை போட்டால் வேலை இழுக்கும் என்று அண்ணன் அவசரப்படுத்தினான். கண்ணாடி நழுவி அவருடைய மணிக்கட்டு நரம்பை அறுத்துவிட்டது.

நரம்பைத் தைத்த டாக்டர், "அறுந்த இடத்துல உடம்பே வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும். அதோட தூண்டுதல்ல நரம்பு மெல்ல விரல் வரைக்கும் வளரும். தட்டிப் பாருங்க, சுர்ருனு இழுக்கிற இடம் வரைக்கும் வந்திருக்குனு அர்த்தம்" என்றார். தினமும் காலையில் தட்டிப் பார்த்தேன்.

அண்ணன் வந்தான். கூடப்பிறந்தவன் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. "வளர்ச்சிக் காரணியா? சோம்பேறித்தனத்துக்குப் புதுப் பேரா, மாப்ளே?" என்று சிரித்துக்கொண்டே அவர் சுண்டுவிரலில் ஊசியைக் குத்தினான். ரத்தம் வந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. நான்தான் துடைத்துவிட்டேன். பிறகு வரும்போதெல்லாம் ஊசியோடுதான் வந்தான்.

குளிர்காலம் முடிவதற்குள் அந்தச் சுர்ரென்ற இழுப்பு விரல் நுனிக்கே வந்துவிட்டது. அன்றும் அண்ணன் குத்தினான். அவர் முகம் அசையவில்லை.

"இன்னும் மரக்கட்டைதான்" என்று முனகிக்கொண்டே போனான்.

கதவைச் சாத்திவிட்டு, "வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"உயிரே போச்சு" என்றார். "ஆனா, அவன் கடைக்குத் திரும்பிப் போறதுக்கு இது தேவலாம்."