பக்க எண்படி அழிந்த உலகம்

‘சாம்பல் பட்டாளம்’ தொடர்கதையை முதல் வாரத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள், பாலக்காட்டுப் பக்கத்து இந்த எலப்புள்ளி வட்டாரத்தில் நான்தான்.

பொய்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன்... ஒரு பக்கம் முடிவதற்குள் மூன்று பஞ்சர் ஒட்டிவிடலாம். இந்தப் பத்தியே நான் வாயால் சொல்வதுதான். அச்சாபீஸ் நண்பர் வாராவாரம் என் பஞ்சர் கடைக்கு வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகிறார். நன்றாக இருக்கிறது என்று நீங்கள் போடுகிற கடிதம் அவருக்கு. திட்டுகிற கடிதம் எனக்கு.

கதை என்ன? அணுகுண்டு விழுந்து உலகம் அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பது மேஜர் வஜ்ரமும் பதினோரு சிப்பாய்களும் ஒரு ஜீப்பும். பன்னிரண்டு பேர் ஒரே ஜீப்பில் எப்படி என்று கேட்காதீர்கள். காந்தலூர் மலைக்கு ஜீப்பில் போனவர்கள், மீதி இடத்தை ஏன் காலியாக விட்டார்கள் என்றுதான் கேட்பார்கள். வாரம் ஒரு சண்டை. மூன்று வருஷமாக இதே கதை. உலகம் ஒரே நாளில் அழிந்துவிட்டது, தொடர்கதைதான் அழிய மாட்டேன் என்கிறது!

இதை வாராவாரம் கிழித்துச் சேர்த்தவர் எங்கள் ஊர் ஹவில்தார். பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். பிடித்துப்போய்ச் சேர்க்கவில்லையாம்.

“ஒரே துப்பாக்கிங்க ரங்கா. குண்டு மாத்தாம நாப்பத்திமூணு தடவ சுடறான். நான் எண்ணிப்போட்டேன். இந்த எழுத்தாளன் என்ற கையில கெடைக்கோணும்...”

மூன்று வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறவிடாமல் திட்டியிருக்கிறார். இதற்குப் பெயர் வெறுப்பு என்றால், எனக்குத் தெரிந்த பாதிக் கல்யாணங்கள் வெறுப்பில்தான் நடக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கடைக்கு எதிரே இருக்கிறது எங்கள் ஊர் வாயனசாலை... அதாவது வாசகசாலை. அலமாரி அலமாரியாகப் புத்தகம், எல்லாம் மலையாளம். ஊரில் பாதிப்பேர் தமிழ். யாரும் கவலைப்பட்டதில்லை, சரசக்கா ஒருவரைத் தவிர.

சரசக்கா அரிசி மில்லில் சாக்குத் தைக்கிறவர். மளிகைச் சாமான் கட்டி வருகிற தாளைக்கூட விடமாட்டார். துவரம்பருப்பைக் கொட்டிவிட்டு நீவி நீவிப் படிப்பார். அதில் கதைக்குத் தலை இருந்தால் வால் இருக்காது. ஒரு கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஒரு வருஷம் தவித்திருக்கிறார். கடைசியில் பொறுக்க முடியாமல் வாயனசாலை செக்ரட்டரியான மாஷிடம் நேரே போய்க் கேட்டுவிட்டார். தமிழுக்கு ஒரு அலமாரி வேண்டும்.

மாஷ் நல்லவர். ஆனால் வாத்தியார். சட்டம் பேசினார்: “தராம் சரசு. பட்சே புக்கு எங்கே? ஒரு புக்கு கொண்டுவரட்டே. பத்துப்பேர் வாயிச்சு, நோட்டில அபிப்ராயம் எழுதட்டே. பின்னே அலமாரி கமிட்டியில வைக்காம்.”

ஊரில் இருந்த ஒரே தமிழ்ப் ‘புக்கு’ ஹவில்தார் கட்டி வைத்திருந்த அந்தத் தாள் கட்டு. அதைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய் பைண்ட் பண்ணிவரும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள்? ஊரிலேயே படிக்கத் தெரியாதவனிடம்.

பைண்டர் தங்கமான மனுஷன். மலையாளி, தமிழ் எழுத்துத் தெரியாது. திரும்பப் போனபோது கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெருமையாகச் சொன்னார்: “பேஜ் எல்லாம் முன்னேபின்னே கிடந்நு. நாப்பத்திமூணு, பின்னே பதினொண்ணு, பின்னே முப்பது! ஞான் ரெண்டு நாள் இருந்நு எல்லாம் நேரே ஆக்கி.”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அட, எனக்கு என்ன தெரியும்?

உங்களுக்குப் புரிந்திருக்கும். பத்திரிகையில் தொடர்கதை ஒரு வாரம் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் வரும், அடுத்த வாரம் பதினொன்றில் வரும். அந்தப் புண்ணியவான் மூன்று வருஷக் கதையையும் பிரித்துப்போட்டு, பக்க எண்படி அடுக்கித் தைத்துவிட்டார். பதினொன்றாம் பக்கங்கள் எல்லாம் ஒன்றாக, அப்புறம் பதின்மூன்றாம் பக்கங்கள் எல்லாம் ஒன்றாக. ராணுவ ஒழுங்கு!

புத்தகம் வாயனசாலைக்குப் போயிற்று. ஒவ்வொருவராக எடுத்துப்போனோம். நோட்டில் அபிப்பிராயங்கள் வர ஆரம்பித்தன.

லாரி டிரைவர் பழனிச்சாமி: ‘உலகமே அழிந்தும் மேஜரின் ஜீப்புக்கு டீசல் தீரவில்லை. எந்த பங்க் என்று தெரிவித்தால் உபகாரம். எல்லா ஊரும் அழிந்திருந்தாலும் வாளையார் செக்போஸ்ட் மட்டும் இருக்கும், அதை ஆசிரியர் மறந்துவிட்டார்.’

மளிகைக் கடை ராவுத்தர்: ‘இங்கே ரேஷன் சர்க்கரைக்குக் கால் கடுக்கிறது. மேஜர் பக்கத்துக்குப் பக்கம் டீ குடிக்கிறார். கதை நம்பும்படி இல்லை.’

ஹவில்தார் நாலு பக்கத்துக்குத் துப்பாக்கி பற்றி எழுதினார். இன்னொருவர், ‘அட்டை உறுதியாக உள்ளது’ என்று எழுதினார்.

நான்? எழுத்துக் கூட்டி ஒரே வரி எழுதினேன்: ‘வேலுவின் சாவு கண்ணீர் வரவழைத்தது. முடிவு அபாரம்.’ சிப்பாய் வேலு செத்துப்போனான் என்று டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தேன். படிக்காதவனுக்குத்தான் அபிப்பிராயம் சுருக்கமாகவும் உறுதியாகவும் வரும் – கவனித்திருக்கிறீர்களா?

ஒன்பது ஆயிற்று. பத்தாவது சரசக்கா. போன மாதம் ஒரு மத்தியானம் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“ஏப்பா ரங்கா, இதுல வேலு எப்பச் சாவறான்?”

“முடிவுலீங்க அக்கா. அதானுங்க அழுதேன்.”

“முடிவுல அவன் பல்லு வெளக்கிட்டிருக்கறான்.”

நான் டியூபைத் தண்ணியில் முக்கிக் குமிழி பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“முன்னூறாவது தாளுல பாலத்துக்கு வெடி வெக்கறாங்க. ஆனா அம்பதாவது தாளுலயே பாலம் வெடிச்சு உளுந்துருச்சு. யாருமே பாக்கலியா? ஒம்பது பேரு எழுதியிருக்கறீங்க!”

அவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? பருப்புத் தாள் படித்த அனுபவம். இந்தத் தாளின் பாதி வாக்கியத்தை எந்தத் தாளின் பாதி வாக்கியத்தோடு ஒட்டுவது என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் சரியான வரிசை எண் போட்டிருந்தார். இருபது நாள். மில் வேலை முடிந்த பிறகு.

“அக்கா, இத நோட்டுல எழுதாதீங்க” என்று கெஞ்சினேன். “எழுதினீங்கன்னா ஒம்பது பேரும் படிக்கலைன்னு மாஷுக்குத் தெரிஞ்சு போயிரும். அலமாரி போச்சுங்க. உங்களுக்குத்தான அது வேணும்?”

“வேணும். எனக்குத்தான் வேணும். ஆனா படிக்காமயே எழுதறவங்களுக்கு அலமாரி எதுக்கு? அந்த நோட்டே போதுமே.”

போய் எழுதிவிட்டார். வெறும் ரெண்டு வரி: ‘புத்தகம் வரிசை மாறித் தைக்கப்பட்டுள்ளது. சரியான எண் மூலையில் உள்ளது.’

மறுநாள் மாஷ் எங்கள் ஒன்பது பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

“எந்தா இது? ஒராளும் வாயிச்சில்லா, அல்லே?”

பழனிச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் படிச்சேனுங்க மாஷே! முழுசாப் படிச்சேன்! செத்தவன் எந்திரிச்சு வந்தான்... செரி, அணுகுண்டு பாதிப்பா இருக்கும்னு உட்டுட்டேன்.”

“வாரா வாரம் வந்தப்பவே அது அப்படித்தானுங்க இருந்துச்சு” என்றார் ஹவில்தார்.

மாஷ் நம்பவில்லை. புத்தகத்தை மூன்று இடத்தில் பிரித்து, ஹவில்தாரை உரக்கப் படிக்கச் சொன்னார். முதல் இடத்தில் மேஜர் சுட்டார். ரெண்டாவது இடத்தில் மேஜர் சுட்டுவிட்டு டீ குடித்தார். மூன்றாவது இடத்தில் டீ குடித்துவிட்டுச் சுட்டார். இதில் முதலில் நடந்தது எது? மாஷ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் தெரியவில்லை! படித்தவனையும் படிக்காதவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிற கதையை இந்த உலகத்தில் வேறு யார் எழுத முடியும்? அழிந்த உலகத்தைச் சொல்லவில்லை, இந்த உலகத்தை.

ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தான். தீர்ப்பு வந்தது: ஒன்பது பேரும் சரசக்கா போட்ட எண்படி புத்தகத்தை மறுபடி படிக்க வேண்டும். படித்துவிட்டு சரசக்காவிடம் கதையை ஒப்பிக்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் கணக்கில் சேரும். ஒரு ஆள் குறைந்தாலும் அலமாரி கிடையாது.

அந்தப் படிப்பு எப்படி இருக்கும் தெரியுமா? ஒன்று இங்கே, ரெண்டு நூற்றி எழுபதாவது தாளில், மூன்று பின்னால், நாலு முன்னால். மாவாட்டுகிறமாதிரி புரட்ட வேண்டும். பழனிச்சாமி லாரியில் வைத்துப் படித்தார். ராவுத்தர் தராசுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஹவில்தார் ரெண்டே நாளில் முடித்து, துப்பாக்கி பற்றி இன்னும் நாலு பக்கம் எழுதினார். எட்டுப்பேர் தேறிவிட்டார்கள்.

பாக்கி ஒரே ஒருத்தன். நாளைக்குக் கமிட்டி.

சரசக்கா மூன்று வாரமாக வேலை முடிந்ததும் வாயனசாலை வராந்தாவில் என்னை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வைக்கிறார். இன்னும் பதினெட்டுத் தாள் இருக்கிறது. நேற்று மேஜர் ஒரு பாலத்தில்... அந்தப் பாலம்தான், வெடி வைத்த பாலம்... திரி எரிந்துகொண்டு வருகிறது, எதிரி இந்தப் பக்கம், வேலு அந்தப் பக்கம். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றால், முதலில் அந்த ஜீப்பைப் பின்னாடி...

“ஏப்பா ரங்கா! டயருக்குப் பின்னால ஒளிஞ்சா எனக்குத் தெரியாதா? மேஜரு நேத்திருந்து பாலத்துல ஒத்தக் கையில தொங்கிட்டிருக்கறாரு. வந்து எறக்கி உட்டுட்டுப் போ!”

போகிறேன். உலகம்தான் அழிந்து மூன்று வருஷமாகிறதே, இன்னும் என்ன அவசரமாம்?